போனில் காலடி குறைந்தால் அடுத்த ஸ்ட்ரோக்கா?

முதலில் அந்த ஆஸ்பிரின் விஷயம். ஐந்து மாதத்துக்கு முன் ஸ்ட்ரோக் (பக்கவாதம்) வந்து வலது கால் பலவீனமான அப்பாவின் காலடி எண்ணிக்கை போனில் 2,100-லிருந்து 1,400 ஆக இறங்கியதைப் பார்த்துப் பயந்து, அன்று இரவு இரண்டு மாத்திரையாகக் கொடுத்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். இனி இப்படிச் செய்யவே செய்யாதீர்கள் அம்மா. மூளையில் அடைப்பா, ரத்தக்கசிவா என்பது ஸ்கேன் எடுத்தால்தான் எங்களுக்கே தெரியும். கசிவாக இருந்தால் அந்த மாத்திரை அதைக் கூட்டிவிடலாம்.

நமக்குத் தெரியாமலே அடுத்த ஸ்ட்ரோக் வந்துகொண்டிருக்கிறதோ என்பதுதான் உங்கள் பயம். ஸ்ட்ரோக் அப்படி எண்ணிக்கையில் மெல்ல மெல்லத் தெரியாது, திடீரென்று வரும். நேற்று மாலை ஊன்றுகோலோடு வாசல்வரை போனவர், இன்று காலை எழுந்ததும் ஒரு பக்கமாகச் சாய்கிறார், அல்லது இதுவரை நன்றாக இருந்த இடது கால் துவள்கிறது என்றால், வாய் கோணாவிட்டாலும் பேச்சு குழறாவிட்டாலும் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். கொஞ்சம் படுத்து எழுந்தால் சரியாகிவிடும் என்று காத்திருக்க வேண்டாம். பத்து நிமிடத்தில் தானாகச் சரியானாலும் கிளம்புங்கள், அது பெரியதற்கு முன்னால் வருகிற சின்ன அடைப்பாக இருக்கலாம். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதுவும் நீங்கள் கவனித்த நேரத்திலிருந்து இல்லை, அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து. அந்த நேரத்தை மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். நேரம் தாண்டிவிட்டதே என்று வீட்டிலும் இருந்துவிடாதீர்கள், வேறு சிகிச்சைகளும் உண்டு.

இரண்டு காலுக்கும் வித்தியாசம் என்று போன் காட்டுவதை விடுங்கள். வலது கால் பலவீனமானவர் அதன்மேல் குறைந்த நேரம்தான் பாரம் போடுவார், வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். மெதுவாக இழுத்து வைக்கிற அடிகளைப் போன் நிறையத் தவறவிடும், சட்டைப் பையில் வைத்தால் கேட்கவே வேண்டாம்.

அளக்கத்தான் வேண்டுமென்றால் வேகத்தை அளங்கள். சமதரையில் 14 மீட்டர் குறித்து, முதல் 2, கடைசி 2 மீட்டரை விட்டுவிட்டு, நடுவில் உள்ள 10 மீட்டருக்கு எத்தனை விநாடி என்று பாருங்கள், நீங்கள் பலவீனமான பக்கம் கூடவே நடந்து வாருங்கள். வாரம் ஒருமுறை, அதே செருப்பு, அதே ஊன்றுகோல். 25 விநாடிக்கு மேல் என்றால் நடமாட்டம் பெரும்பாலும் வீட்டோடு நின்றுவிடும், 12 விநாடிக்குள் வந்தால் கடைத்தெரு போய்வரலாம்.

மூன்று மாதத்தில் வராதது இனி வராது என்று இணையத்தில் படித்ததை நம்பி பிசியோவை நிறுத்திவிடாதீர்கள். முன்னேற்றம் முதல் சில மாதங்களில் வேகமாக இருக்கும், அப்புறம் மெதுவாகும், ஆனால் ஐந்தாவது மாதத்தில் முடிந்துபோகாது. விரல் தரையில் உரசுகிறது என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் முக்கியம், தடுக்கி விழுவது அதனால்தான். ஹவாய் செருப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, பின்பக்கம் வார் உள்ளதை வாங்குங்கள். பாதத்தைத் தாங்கும் ஸ்ப்ளிண்ட் தேவையா என்று இந்த வாரமே பிசியோவிடம் கேளுங்கள்.