உப்பு ஸ்க்ரப்பும் அம்மாவின் குதிகாலும்

முதலில் அம்மாவை இன்றே ஒரு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இந்தப் பதிலின் மற்ற பகுதிகளைத் திரும்பி வந்து படித்துக்கொள்ளலாம். வீட்டில் செய்த உப்பு ஸ்க்ரப்பை (தோலில் தேய்க்கும் உப்பு, எண்ணெய்க் கலவை) பற்றி ஐந்து சந்தேகங்களை வரிசையாக எழுதிவிட்டு, கடைசி வரியில்தான், நீரிழிவு உள்ள அம்மாவும் அதே ஜாடியிலிருந்து எடுத்து வெடிப்பு விழுந்த குதிகாலில் தேய்த்துக்கொண்டதையும், இரண்டு நாட்களாக அந்த இடம் சிவந்திருப்பதையும், வலி இல்லாததால் பொறுத்துப் பார்ப்பதையும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அந்த வரிதான் என்று நினைக்கிறேன்.

வலி இல்லை என்பது இங்கே நல்ல செய்தி அல்ல. நீண்ட நாள் நீரிழிவில் பாதத்தின் நரம்புகள் உணர்வை இழப்பதால், மற்றவர்களை நொண்ட வைக்கும் தொற்றுகூட இவர்களுக்குத் தெரியாமலேயே ஆழத்துக்குப் போய்விடும். இரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் புண் ஆறுவதும் தாமதமாகும். கவனிக்க வேண்டிய அடையாளம் சிவப்பு பரவுவது மட்டுமல்ல. கையின் பின்புறத்தால் தொட்டால் அந்த இடம் மறு காலைவிடச் சூடாக இருப்பது, வீங்குவது, நீர் அல்லது சீழ் கசிவது, காய்ச்சலோ நடுக்கமோ வருவது, சர்க்கரை அளவு காரணமின்றி ஏறுவது ஆகியவையும் தொற்றின் அடையாளங்களே. தோலிலும் அதன் அடியிலும் பரவும் இத்தகைய தொற்றைச் செல்லுலைட்டிஸ் என்கிறோம். நீரிழிவு இல்லாத ஒருவருக்குச் சிறிய சிவப்பு இருந்தால், அதன் விளிம்பைப் பேனாவால் வரைந்து, ஒரு நாளுக்குள் கோட்டைத் தாண்டுகிறதா என்று பார்க்கச் சொல்வேன். உங்கள் அம்மாவுக்கு அந்த ஒரு நாள் அவகாசத்தைக் கொடுக்க மாட்டேன். கோட்டை வரைந்துவிட்டு உடனே கிளம்புங்கள்.

“நான்தான் அம்மாவுக்குக் கிருமியைக் கொடுத்துவிட்டேனா” என்ற கேள்விக்கு வருகிறேன். கிருமி ஜாடியிலிருந்து வந்ததா, அம்மாவின் தோலிலேயே இருந்ததா என்பதை இப்போது பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் சிகிச்சையும் மாறப்போவதில்லை. வெடிப்பு முன்பே திறந்திருந்த வாசல், கல்லுப்பு அதை இன்னும் கொஞ்சம் கீறியிருக்கும், அவ்வளவே. இதில் உங்களைக் குற்றம் சொல்ல எதுவும் இல்லை.

ஆனால் அந்தக் களிம்பைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். உங்கள் தொடையில் வந்த கொப்புளங்களுக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய ‘எல்லாவற்றுக்குமான’ களிம்பை அம்மாவின் குதிகாலிலும் தடவியிருக்கிறீர்கள். இத்தகைய கலவைக் களிம்புகளில் பெரும்பாலும் வீரியமான ஸ்டீராய்டு இருக்கும். அது சிவப்பையும் அரிப்பையும் மறைக்கும். அடியில் கிருமி நிம்மதியாகப் பெருகும். பார்க்கும் மருத்துவரும் ஏமாறக்கூடும். இருவருமே இன்றோடு அதை நிறுத்துங்கள், தடவியதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இணையத்தில் படித்த ‘சதை தின்னும் கிருமி’ உங்கள் தொடையில் இல்லை. அது மயிர்க்கால் அழற்சி. சவரம் செய்த தோலில் அன்றைக்கே உப்பைத் தேய்த்தால் வருவது. ஸ்க்ரப்பையும் சவரத்தையும் நிறுத்தி, மென்மையான சோப்பால் கழுவி வந்தால் பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாட்களில் தானாகவே அடங்கிவிடும். கொப்புளம் கட்டியாகித் தெறித்து வலித்தால் மட்டும் நேரில் காட்டுங்கள்.

உங்கள் மற்ற சந்தேகங்களுக்கு வருகிறேன். தேய்த்த உப்பு உடலுக்குள் போய் இரத்த அழுத்தத்தை ஏற்றாது. அழுத்தத்துக்குக் கணக்கு, சாப்பிடும் உப்பு. தேய்த்தவுடன் தோன்றும் இளஞ்சிவப்பு அரை மணி நேரத்தில் மறைந்தால் அதுவும் பிரச்சினை இல்லை.

கெட்டது உங்கள் ஜாடிதான். “உப்பில் எந்தக் கிருமியும் வாழாது” என்று எங்கோ படித்ததை நம்பிவிட்டீர்கள். 100 மில்லிலிட்டர் நீரில் சுமார் 36 கிராம் உப்புதான் கரையும். அந்த அளவுக்கு நிறைந்த கரைசலில் பெரும்பாலான கிருமிகள் வளராது என்பது உண்மை. ஆனால் ஈரக் கையை விட்டு எடுக்கும்போது, மூடியிலும் விளிம்பிலும் ஒட்டும் நீரில் உப்பு அவ்வளவு செறிவாக இருப்பதில்லை. தோலில் சீழ் பிடிக்க வைக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸை ஆய்வகத்தில் பிரித்தெடுப்பதற்கு 7.5 சதவீத உப்புள்ள, கிருமி வளர்க்கும் ஊடகத்தைத்தான் பயன்படுத்துகிறோம். மற்றவை தடுமாறும் இடத்தில் அது வளர்ந்துவிடும். வளராத கிருமிகூடச் சில காலம் உயிரோடு இருந்து, அடுத்த கையோடு வெளியே வரலாம்.

இதனோடு புதிதாக வழித்த கற்றாழைச் சாற்றையும் எலுமிச்சைச் சாற்றையும் சேர்த்திருக்கிறீர்கள். முதலாவது, ஜாடிக்குள் நீரையும் கிருமிக்கான உணவையும் சேர்ப்பது. இரண்டாவதைப் பூசிய தோலில் வெயில் பட்டால், ஓரிரு நாளில் கொப்புளமும் பிறகு மாதக்கணக்கில் மறையாத கருமையும் வரலாம். வைட்டமின் ஈ எண்ணெய் சிக்குவாடை பிடிப்பதைத் தாமதப்படுத்தும், கிருமியைக் கொல்லாது. ஆகவே அதை நம்பி மாதக்கணக்கில் வைத்திருக்காதீர்கள்.

இப்போதுள்ள ஜாடியைக் கொட்டிவிடுங்கள். மீண்டும் செய்ய விரும்பினால், கல்லுப்பை விட்டு நைசான தூள் உப்பை எடுத்து, இரண்டு பங்கு உப்புக்கு ஒரு பங்கு எண்ணெய் மட்டும் சேர்த்து, நன்றாகக் காய்ந்த கண்ணாடி ஜாடியில் இரண்டு மூன்று வாரத்துக்கு வேண்டிய அளவே செய்யுங்கள். உலோக மூடி உப்பில் துருப்பிடிக்கும், பிளாஸ்டிக் மூடியே போதும். ஜாடியைக் குளியலறையில் வைக்காமல், வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வைத்து, குளிக்கப் போகும்முன் உலர்ந்த கரண்டியால் அன்றைக்கு வேண்டியதைத் தனிக் கிண்ணத்தில் எடுத்துச் செல்லுங்கள். மிஞ்சியதை ஜாடியில் திருப்பிப் போடாதீர்கள். வாடை, நிறம், மேலே நீர்த்துளி என்று எது மாறினாலும் யோசிக்காமல் எறிந்துவிடுங்கள். குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் எண்ணெய் மெதுவாகக் கெடும், நீர் புகுந்த ஜாடியை அது காப்பாற்றாது. வாரம் ஒரு முறைக்கு மேல் வேண்டாம். புண், படை, சவரம் செய்த இடம், முகம் ஆகியவற்றில் வேண்டவே வேண்டாம்.

அம்மாவுக்கு இனி எந்த ஸ்க்ரப்பும் கூடாது. எண்ணெய் படிந்த குளியலறைத் தரையில் வழுக்கி விழும் அபாயமும் அவருக்குத் தனி. புண் ஆறிய பிறகு யூரியா கலந்த களிம்பை மருத்துவரிடம் கேட்டு வாங்கி, விரல் இடுக்குகளைத் தவிர்த்துக் குதிகாலில் மட்டும் இரவில் தடவிவிடுங்கள். அப்படித் தடவும்போதே, அவரால் குனிந்து பார்க்க முடியாத உள்ளங்காலையும் தினமும் நீங்கள் பார்த்துவிடுங்கள்.