இன்சுலின் போட்டால் கணையம் சோம்பேறியாகிவிடுமா?

மன்னார்குடி நண்பரே, பல ஆண்டுகளாக மாத்திரை சாப்பிடும் அம்மாவுக்கு டாக்டர் இன்சுலின் எழுதியதும், "ஊசி போட்டால் கணையம் வேலையை நிறுத்திவிடும்" என்று அக்கம்பக்கத்தில் பயமுறுத்துவதாக எழுதியிருக்கிறீர்கள். உண்மை தலைகீழ். இரண்டாம் வகை நீரிழிவில், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் ஆண்டுக்காண்டு நலிந்துகொண்டே போகின்றன. சில மாத்திரைகள் மிச்சமிருப்பவற்றை விரட்டி வேலை வாங்குபவைதான். ரத்தத்தில் ஏறிக்கிடக்கும் சர்க்கரையும் அவற்றைக் கெடுக்கிறது. ஊசி அவற்றுக்கு ஓய்வு தருகிறது. சந்தேகம் தீரவில்லையா? சி-பெப்டைடு பரிசோதனை பற்றி டாக்டரிடம் கேளுங்கள். கணையம் இன்னும் எவ்வளவு சுரக்கிறது என்று அது காட்டும்.

இரவு இரண்டே இட்லி, காலையில் ரத்தச் சர்க்கரை 210 என்கிறீர்கள். இட்லியை மட்டும் குற்றம் சொல்ல வேண்டாம். விடியற்காலையில் கல்லீரல் சர்க்கரையை வெளியிடுகிறது. அதை அடக்கப் போதிய இன்சுலின் இல்லை. இரவுப் பட்டினி இதற்கு மருந்தாகாது. மதியம் பொன்னிச் சோற்றைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டுங்கள். (டெல்டாவில் இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள், தெரியும்.)

திறக்காத இன்சுலினை ஃப்ரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் வையுங்கள், ஃப்ரீசரில் கூடாது. வயலுக்குப் போகும்போது அம்மா முந்தானையில் கொஞ்சம் சர்க்கரை முடிந்துகொள்ளட்டும். வியர்த்துக் கை நடுங்கினால் (ரத்தச் சர்க்கரை மிகவும் இறங்கியதன் அறிகுறி) மூன்று தேக்கரண்டி சாப்பிட்டுவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும்.