பால் கணக்கு

அன்புள்ள ஐயாவுக்கு,

மாலை வகுப்பில் ஜெர்மன் படிக்கிறேன். ஜெர்மனியின் வைமார் நகரத்தில், ஜெர்மன் மகாகவி கோதேயின் பெயரில் நடக்கும் கோதே சங்கத்தைப் பற்றி ஒரு பாடம் வந்தது. 1885இல் தொடங்கிய சங்கம் இன்னும் நடக்கிறதாம். ஆண்டுமலர், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பொதுக்கூட்டம், ஊர் ஊராகக் கிளைகள், வெளிநாட்டு ஆய்வாளர்களுக்கு உதவித்தொகை. எங்கள் ஊரில் பிறந்த எழுத்தாளர் ஒருவருக்கு (பெயரைத் தனியாக எழுதியிருக்கிறேன்) இப்படி ஒரு சங்கம் தொடங்க ஏழு பேர் சேர்ந்திருக்கிறோம். மார்பளவுச் சிலை, ஆண்டு விருது, நினைவு வளைவு மூன்றுக்கும் முதல் கூட்டத்திலேயே தீர்மானம் போட்டாயிற்று. மூன்று கேள்விகள். மாக்ஸ் முல்லர் பவனும் இந்தச் சங்கமும் ஒன்றா? இறந்து இருநூறு ஆண்டு ஆகப்போகிற ஒருவரைப் பற்றி வருடாவருடம் எழுத என்னதான் மிச்சம் இருக்கும்? எங்கள் சங்கத்துக்கு நீங்கள் கௌரவத் தலைவராக இருப்பீர்களா?

ர.

*

அன்புள்ள ர.,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். மாட்டேன். மேடையில் அரைமணி உட்கார்ந்தால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. அதுபோக, கௌரவத் தலைவர் என்பவருக்கு என்ன வேலை என்று எனக்கு இன்றுவரை புரிந்ததில்லை. மாக்ஸ் முல்லர் பவன் வேறு, இது வேறு. அது ஜெர்மன் மொழி சொல்லிக்கொடுக்க 1951இல் தொடங்கிய கோதே நிறுவனத்தின் இந்தியப் பெயர். இது ஓர் எழுத்தாளரைப் படிக்கிறவர்கள் சந்தா கட்டி நடத்தும் சங்கம்.

என்ன மிச்சம் இருக்கிறது என்ற கேள்விக்கு ஓர் உதாரணம். சோனரா என்ற பிரெஞ்சுக்காரர் புதுச்சேரிப் பக்கம் சுற்றிவிட்டுப் போய் 1782இல் ஒரு பயண நூல் எழுதினார். அதில் நம் மாரியாத்தாள் கதை இருக்கிறது. ஜமதக்னியின் மனைவி குடமில்லாமல் தண்ணீரை உருட்டி எடுத்து வருவாள். ஒருநாள் நீரில் தெரிந்த அழகிய உருவத்தில் மனம் சலித்தாள், தண்ணீர் உருளவில்லை. தலை போயிற்று. மகன் அவசரத்தில் அந்தத் தலையை வேறொரு பெண்ணின் உடலில் ஒட்டிவிட்டான். நம் பாட்டிகள் சொல்லும் கதைதான். கோதே இதைப் படித்தார், உடனே எழுதவில்லை. 1824இல்தான் 'பாரியா' என்ற கவிதையாக வெளிவந்தது. நாற்பது ஆண்டுகள் இதைச் சுமந்துகொண்டிருந்தேன் என்று, தன் பேச்சையெல்லாம் குறித்துவைத்த உதவியாளர் எக்கர்மனிடம் சொல்லியிருக்கிறார். எஃகுக் கம்பிகளை முறுக்கி அடித்த டமாஸ்கஸ் வாள்போல இருக்கிறது என்று தன் கவிதையைப் பற்றியே பெருமைப்பட்டுக்கொண்டார். தலைப்பிலிருக்கும் சொல்லும் நம்மிடமிருந்து போனதுதான். பறையர் என்ற சொல் ஐரோப்பிய வாய்களில் பாரியா ஆயிற்று. உங்கள் ஜெர்மன் வகுப்பில் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். நீங்களே தேடிப் படியுங்கள், அகராதி பக்கத்தில் இருக்கட்டும்.

சரி, நான் சொல்ல வந்தது இதுவல்ல. நாற்பது ஆண்டு என்று நமக்கு எப்படித் தெரிகிறது? எக்கர்மன் எழுதிவைத்தார், அந்தத் தாள் பிழைத்தது. அவ்வளவுதான். உங்கள் கடிதம் வந்தபோது நான் பரண்மேல் ஒரு டிரங்குப் பெட்டியைக் குடைந்துகொண்டிருந்தேன். அதனால்தான் பதில் எழுதுகிறேன், இல்லாவிட்டால் சங்கம் சம்பந்தமான கடிதங்களுக்கு நான் பதில் போடுவதில்லை.

உங்கள் மூன்று தீர்மானங்களைப் படித்ததும் கோபம்தான் வந்தது. முதல் தீர்மானமே சிலையா? வைமாரில் சிலை எப்போது வந்தது தெரியுமா? நாடக அரங்கத்துக்கு முன்னால் கோதேயும் அவர் நண்பர் கவிஞர் ஷில்லரும் சேர்ந்து நிற்கிற வெண்கலச் சிலையை 1857இல் வைத்துவிட்டார்கள். அப்போது கோதேயின் தாள்கள் எங்கே இருந்தன? அவர் வீட்டில், பேரன்களின் பூட்டுக்குள். ஊரார் சிலைக்கு மாலை போட்டார்கள், ஆய்வாளர்கள் கதவைத் தட்டிவிட்டுத் திரும்பினார்கள். 1885 ஏப்ரலில் கடைசிப் பேரன் வால்தர் வாரிசு இல்லாமல் இறந்தார். உயிலைத் திறந்தால் வீடு அரசுக்கு, தாள்கள் அந்தச் சிற்றரசின் ராணி சோஃபிக்கு. இரண்டே மாதத்தில், ஜூனில், சங்கம் பிறந்தது. வரிசையைப் பாருங்கள். தாள் கைக்கு வந்தது, அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது, அதற்குத்தான் சங்கம்.

சோஃபி கோதேயின் எழுத்து முழுவதையும் பதிப்பிக்கச் சொன்னார். சங்கத்து ஆட்கள் தோள்கொடுத்தார்கள். 1887இல் முதல் தொகுதி. முடிந்தது 1919இல். 143 தொகுதிகள். சோஃபி 1897லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். நடுவில் ஒரு உலகப்போர். பேரரசர் போனார், வைமாரின் சிற்றரசரும் போனார், பதிப்பு மட்டும் நிற்கவில்லை.

இந்த 143இல் கவிதை, நாடகம், நாவல் எல்லாம் ஒரு பகுதிதான். கடிதங்கள் மட்டும் 50 தொகுதிகள். நாட்குறிப்புகள் தனி. நிறக்கொள்கை, செடி, எலும்பு என்று அவர் செய்த அறிவியல் தனி. 50 தொகுதிக் கடிதம் யார் படிப்பார் என்று கேட்பீர்கள். யாரும் முழுதாகப் படிக்க வேண்டாம். ஆனால் 1797 ஜூலையில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று ஒருவருக்குத் தெரிய வேண்டுமென்றால் எடுத்துப் பார்க்க வேண்டும், இருக்க வேண்டும். அதற்கு பெயரடைவு வேண்டும். ஒருவர் உட்கார்ந்து ஆயிரக்கணக்கான பெயர்களை அட்டையில் எழுதி அகரவரிசையில் அடுக்க வேண்டும். அவருக்குப் பொன்னாடை கிடையாது. (அந்த 1797 ஜூலையில் பயணம் கிளம்புமுன் தனக்கு வந்திருந்த இருபத்தைந்து ஆண்டுக் கடிதங்களையெல்லாம் எரித்துவிட்டார் மனிதர். படிக்கிற எனக்கே வயிறு எரிகிறது.) அவ்வளவு பாடுபட்டுப் போட்ட அந்தப் பதிப்பும் போதவில்லை என்று 2008 முதல் கடிதங்களை மறுபடி ஆரம்பத்திலிருந்து பதிப்பிக்கிறார்கள். என்ன மிச்சம் என்று கேட்டீர்களே!

இப்போது பெட்டிக்கு வருகிறேன். எனக்கு இருபத்திநான்கு வயதில் நாங்களும் ஒரு சங்கம் வைத்திருந்தோம். மறைந்த எழுத்தாளர் ஒருவருக்கு நினைவு மலர் போடுவதாகத் திட்டம். அவர் மனைவியிடம் போய்க் கேட்டேன். உள்ளே போய், அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து ஒரு துணிப்பையை எடுத்து வந்தார். பதினோரு கடிதங்கள். அஞ்சலட்டை நான்கு, மற்றதெல்லாம் இன்லண்டு. ஊதா மை. எழுத்தாளர் வெளியூரில் வேலை பார்த்தபோது மனைவிக்கு எழுதியவை. ஒரு இன்லண்டின் ஓரத்தில், முகவரிக்குக் கீழே, அந்த அம்மா பென்சிலில் பால் கணக்கு எழுதியிருந்தார். "பத்திரமா கொண்டாந்து குடுத்துடு தம்பி" என்றார். காபி கொடுத்தார்.

கொண்டுபோய் அச்சகத்தில் கொடுத்தேன். நகல் எடுக்கவில்லை. கையால் எழுதிவைத்துக்கொள்ளவும் இல்லை, எங்களுக்கு மேடை அலங்காரத்தில் மும்முரம். மலர் வரவில்லை, பணம் சேரவில்லை. மூன்று மாதம் கழித்துப் போனால் அச்சகம் இடம் மாறியிருந்தது, பழைய தாளையெல்லாம் எடைக்குப் போட்டாயிற்று என்றார்கள். அவர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. போட்டது அவர்கள், தொலைத்தது நான். அந்த அம்மா இரண்டு முறை கடைத்தெருவில் பார்த்துக் கேட்டார். தேடிக்கொண்டிருக்கிறேன் என்றேன். மூன்றாம் முறை பார்த்தபோது கேட்கவில்லை, பிள்ளைகள் சௌக்கியமா என்றார்.

ஜெர்மன்காரன் என்றால் எல்லாம் ஒழுங்கு என்று வகுப்பில் சொல்லியிருப்பார்கள், அதையும் நம்பாதீர்கள். சங்கம் பிறக்குமுன்பே, 1880இல், கோதே ஆண்டுமலரைத் தொடங்கி முப்பது வருடத்துக்குமேல் நடத்திய லுட்விக் கைகர் யூதர். சங்கத்தின் முதல் தலைவர் சிம்சன் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அதே சங்கம் 1938 கடைசியில் தன்னிடம் மிச்சமிருந்த யூத உறுப்பினர்களை வெளியேற்றியது. வைமாருக்கு மேலே இருக்கும் குன்றில் அதற்கு முந்தைய வருடமே புகன்வால்ட் வதைமுகாம் வந்துவிட்டது. இந்த வெட்கக்கேடு நமக்கு விவரமாகத் தெரிவதுகூட சங்கத்தின் கோப்புகள் பிழைத்ததால்தான். டேனியல் வில்சன் என்ற ஆய்வாளர் அவற்றைப் புரட்டி 2018இல் ஒரு புத்தகமே எழுதினார். பிறகு நாடு இரண்டானபோது, அதே வைமாரில் பிறந்த ஷேக்ஸ்பியர் சங்கம் 1960களில் கிழக்கு, மேற்கு என்று உடைந்தது. கோதே சங்கம் உடையவில்லை. மேற்கிலிருந்த உறுப்பினர்களும் எல்லை தாண்டி வைமாருக்கே கூட்டத்துக்கு வந்துபோனார்கள். இதைப் பற்றி இன்னும் எழுதலாம், உங்களுக்குப் பொறுமை இருக்காது.

உங்கள் எழுத்தாளரின் மகள் இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏழு பேரும் போக வேண்டாம், பயந்துவிடுவார். இரண்டு பேர் போங்கள். எதையும் வெளியே எடுத்துவராதீர்கள். அங்கேயே உட்கார்ந்து, ஒவ்வொரு தாளையும் இரண்டு பக்கமும் படம் எடுங்கள். என்ன தாள், என்ன தேதி, யாருக்கு என்று ஒரு கோடுபோட்ட நோட்டில் எழுதுங்கள். மளிகைச் சீட்டு இருந்தால் அதையும். இது முடிய ஒரு வருடம் ஆகும், அதுவரை கூட்டம் கூடாதீர்கள். நோட்டு நிரம்பியதும் எழுதுங்கள், நான் பஸ் ஏறி வந்து பார்க்கிறேன்.

பரண் பெட்டியில் அந்தத் துணிப்பை மட்டும் இருந்தது. மஞ்சள் பை, ஜவுளிக்கடைப் பெயர் அழிந்துவிட்டது. பதினோரு கடிதத்தில் அவர் எழுதிய ஒரு வாக்கியமும் எனக்கு ஞாபகமில்லை. ஓரத்தில் பென்சிலில் இருந்ததுதான் ஞாபகம் இருக்கிறது. செவ்வாய் அரை, புதன் அரை, வியாழன் இல்லை.