யாருக்கும் தெரியாத பழைய வீட்டுக் கணினியில் கேம் எப்படி இருந்தது?

கேள்வி: ஸ்பெக்ட்ரம், கொமடோர் 64 எல்லாம் கேள்விப்பட்டிருக்கிறேன். பெயரே வெளியே தெரியாமல் போன வீட்டுக் கணினிகளுக்கும் யாராவது கேம் செய்தார்களா? அவை விளையாடும்படி இருந்தனவா?

பதில்: செய்தார்கள். அதில் எனக்குப் பிடித்தது கலாக்சியா. பழைய யூகோஸ்லாவியாவில் 1983இல் பிறந்த கணினி. விளையாடும்படி இருந்ததா என்றால், முக்கால்வாசி சுமார் ரகம்தான், அதை மறைப்பதற்கில்லை. ஆனால் அந்த கேம்கள் அப்படி இருந்ததற்கான காரணங்களும், அவை வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்த விதமும் எந்த கேமைவிடவும் சுவாரஸ்யமானவை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் பின்னணி. அன்றைய யூகோஸ்லாவியாவில் வெளிநாட்டுப் பொருள் கொண்டுவருவதற்கு 50 ஜெர்மன் மார்க் உச்சவரம்பு இருந்தது. அந்தக் காசுக்கு எந்தக் கணினியும் கிடைக்காது. ஸ்பெக்ட்ரம் வேண்டுமென்றால் ஒளித்து எடுத்துவர வேண்டும். உள்நாட்டில் செய்தவையோ சாதாரண ஆள் நெருங்க முடியாத விலை. இந்த நிலையில் வோயா அன்டோனிச் என்ற மின்னணுப் பொறியாளர் 1983 கோடை விடுமுறைக்கு மான்டினீக்ரோவில் உள்ள ரிசான் என்ற கடற்கரை ஊருக்குப் போகிறார். கையில் ஒரு சிப்பின் தொழில்நுட்பக் கையேடு. (விடுமுறைக்கு இதைத்தான் எடுத்துக்கொண்டு போவீர்களா என்று கேட்காதீர்கள், சிலர் அப்படித்தான்.) அதைப் படிக்கும்போது அவருக்கு ஒரு யோசனை வருகிறது. திரையில் படம் காட்டுவதற்கென்று தனியாக விலை உயர்ந்த சிப் எதற்கு, அந்த வேலையையும் பிராசசரே பார்த்தால் என்ன?

கலாக்சியாவின் கேம்கள் எல்லாவற்றுக்கும் தலையெழுத்தை எழுதியது இந்த யோசனைதான்.

உள்ளே இருப்பது இசட்80ஏ பிராசசர், 3.072 மெகாஹெர்ட்ஸ். இந்த சிப் ஒவ்வொரு கட்டளையை எடுக்கும்போதும் நினைவகத்தைப் புதுப்பிப்பதற்காக ஒரு முகவரியைத் தானாகவே வெளியே அனுப்பும். அன்டோனிச் அதைத் திரைக்குப் பயன்படுத்திக்கொண்டார். ஒரு வரியில் 32 எழுத்து. பிராசசர் ஒன்றுக்கும் உதவாத சின்னச் சின்னக் கட்டளைகளை வரிசையாக ஓட்டும், ஒவ்வொன்றும் நான்கு கடிகாரத் துடிப்பு. அந்த நேரத்தில் திரையில் சரியாக எட்டுப் புள்ளி, அதாவது ஓர் எழுத்தின் அகலம், நகர்ந்திருக்கும். இப்படியே திரையில் 208 மெல்லிய கிடைக்கோடு, நொடிக்கு 50 தடவை. கணக்குப் பார்த்தால் பிராசசரின் நேரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு படம் வரைவதிலேயே போய்விடுகிறது. மிச்சமிருக்கும் ஒரு பங்கில்தான் கேம் ஓட வேண்டும். படம் வரையும் வேலைக்குப் பிராசசரைக் கூப்பிடும் குறிப்பை (இன்டரப்ட்) நிறுத்தினால் முழு வேகமும் கிடைக்கும், ஆனால் படம் போய்விடும். படம் இல்லாமல் கேமை என்ன செய்வது?

சரி, திரை எப்படி? 32 பத்தி, 16 வரி, கறுப்பு வெள்ளை. ஒவ்வொரு எழுத்துக் கட்டத்தையும் ஆறு சின்னச் சதுரமாகப் பிரித்துக்கொள்ளலாம், ஆக 64க்கு 48 புள்ளி. நினைத்த உருவத்தில் எழுத்துகளை மாற்றிக்கொள்ளும் வசதி கிடையாது, எழுத்து வடிவங்கள் தனி சிப்பில் நிரந்தரமாக எழுதப்பட்டவை. எனவே விண்கலமும் பூதமும் மனிதனும் எல்லாமே செங்கல் அடுக்கியதுபோல்தான் இருக்கும். ஒலிக்கென்று தனி சிப்பும் இல்லை. கேசட்டுக்குப் போகும் இணைப்பில் தட்டித் தட்டி ஏதாவது கீச்சுச் சத்தம் வரவழைக்கலாம்.

ராம்? குறைந்தபட்சம் 2 கிலோபைட், போர்டிலேயே 6 கிலோபைட் வரை போடலாம். அதில் திரைக்கு 512 பைட் போய்விடும். பேசிக் மொழி, படம் வரைவது, கேசட் வேலை எல்லாம் சேர்த்து 4 கிலோபைட் ரோமுக்குள் (நிரந்தரமாக எழுதப்பட்ட நினைவகம்) அடைத்திருந்தார். இடம் போதாததால் பிழைச் செய்திகள் மொத்தமே மூன்று. எழுதியது புரியவில்லை என்றால் “வாட்?”, கணக்கு உதைத்தால் “ஹவ்?”, நினைவகம் தீர்ந்துவிட்டால் “சாரி”. டிஆர்எஸ்-80 என்ற அமெரிக்க வீட்டுக் கணினியின் முதல் நிலை பேசிக்கை வெட்டி ஒட்டியதால் வந்த சொத்து இது. மாறிகள் ஏ முதல் இசட் வரை 26, எண்களை வரிசையாக வைக்க ஒரே ஒரு அணி (அர்ரே), சொற்களை வைக்க இரண்டே இரண்டு சரங்கள். இதை வைத்து நீளமான சாகசக் கதை கேம் எழுதியவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் பாவமாக இருக்கிறது.

ஆனால் கேம் எழுதுகிறவனை அன்டோனிச் மறக்கவில்லை என்பதற்கு இரண்டு சாட்சி உண்டு.

ஒன்று, விசைப்பலகை. ஒவ்வொரு விசையும் நினைவகத்தில் ஒரு தனி முகவரி. 8193 என்றால் ஏ, 8194 என்றால் பி, இப்படியே போகும். ஒரு விசை அழுத்தப்பட்டிருக்கிறதா என்று பார்க்க அந்த முகவரியைப் படித்தால் போதும். ஒரே கீபோர்டில் இரண்டு பேர் விளையாடும் கேமை எழுத இதைவிட எளிய ஏற்பாடு இருக்க முடியாது.

இன்னொன்று “டாட்” என்ற சொல். கட்டளையாகப் போட்டால் புள்ளி வைக்கும், அதையே நிபந்தனைக்குள் போட்டால் அங்கே ஏற்கெனவே புள்ளி இருக்கிறதா என்று சொல்லும். அழிக்க “அன்டாட்”. இந்த ஒரு சொல்லை வைத்தே முழு கேம் எழுதிவிடலாம். இரண்டு பேர் ஆளுக்கொரு கோட்டை இழுத்துக்கொண்டு ஓடும், எதிலாவது மோதினால் ஆட்டம் காலி என்ற வகை கேம் தெரியுமல்லவா? அடுத்த இடத்தில் டாட் இருக்கிறதா என்று கேள், இருந்தால் தோல்வி, இல்லையென்றால் டாட் வைத்து நகரு. சுவருக்குத் தனியாக, எதிரிக்குத் தனியாகக் கணக்கு வைக்கவே வேண்டாம், திரையே எல்லாவற்றையும் நினைவில் வைத்திருக்கிறது. கலாக்சியாவுக்கு வந்த கேம்களில் லைட் சைக்கிள் ரேஸ் இந்த வகைதான், இன்றைக்கும் நண்பனோடு உட்கார்ந்து ஆடலாம். மாறாக ஸ்பெக்ட்ரம் கேம்களின் சாயலில் வந்தவை, உதாரணமாக ஜம்பிங் ஜாக், வியக்க வைக்கும். அவ்வளவுதான், திரும்பத் திரும்ப ஆடத் தோன்றாது. என் அனுபவத்தில் இந்த இயந்திரத்தின் குணத்துக்கு ஒத்துப்போன கேம்கள் நின்றன, பெரிய கணினியைப் பார்த்துச் சூடு போட்டுக்கொண்டவை நிற்கவில்லை.

இனி, இவை எப்படிப் பரவின. கலாக்சியா கடையில் விற்ற சரக்காகத் தொடங்கவில்லை. அதே கலாக்சியா என்ற பெயரில் வந்த அறிவியல் பத்திரிகை, கணினிகளுக்கென்று ஒரு சிறப்பிதழ் போட்டது (1984 ஜனவரி, தேயான் ரிஸ்தானோவிச் பொறுப்பு). அதில் முழு வரைபடமும் வெளியானது. பார்த்துச் செய்துகொள்ளலாம். வீட்டிலேயே போர்டு செய்ய வசதியாக ஒரு பக்கச் செம்பு மட்டும் உள்ள பலகை, அதனால் ஊருப்பட்ட இணைப்புக் கம்பிகள் சால்டர் செய்ய வேண்டும். சிப்புகள் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரிலிருந்து தபாலில் வரும். செய்து முடித்தோம் என்று பத்திரிகைக்கு எழுதியவர்களே 8,000 பேருக்கு மேல். ஆக, கேம் ஆடியவர்களில் பெரும்பாலானோர் அந்தக் கணினியைத் தாங்களே சால்டர் செய்தவர்கள்.

இவர்களுக்கு கேம் கிடைத்தது வானொலியில். ஸோரான் மொட்லி என்று ஒரு வானொலி அறிவிப்பாளர், பயணிகள் விமானம் ஓட்டும் விமானியும்கூட. பெல்கிரேடு 202 நிலையத்தில் அவர் நடத்தியது “வென்டிலேட்டர் 202”. கலாக்சியா பத்திரிகைக்காரர்களின் யோசனைப்படி, பாட்டுகளுக்கு நடுவே கணினி நிரல்களை ஒலியாகவே ஒலிபரப்ப ஆரம்பித்தார். அறிவிப்பு வரும், எல்லாரும் கேசட் ரெக்கார்டரைத் தயாராக வைத்துக்கொள்வார்கள், அப்புறம் காதைக் கிழிக்கும் கிர்ர் சத்தம். பதிவு செய்து கணினியில் ஏற்றினால் கேம்!

கலாக்சியா கேசட்டில் எழுதும் வேகம் நொடிக்கு 280 பிட் மட்டும். 4 கிலோபைட் நிரலுக்கு ஏறக்குறைய இரண்டு நிமிடம். ஒரு பாட்டின் நீளத்துக்குள் ஒரு கேம் அடங்கிவிடும். வேகம் குறைவு என்பது வானொலிக்கு வசதியாகவே போனது, லேசான இரைச்சல் கலந்தாலும் பிட்டுகள் பிழைத்துக்கொள்ளும். பேசிக்கில் எழுதிய கேம் என்றால் பட்டியலிட்டுப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம். கேட்டவர்கள் திருத்தி, மேம்படுத்தி, நிலையத்துக்கே கேசட்டைத் திருப்பி அனுப்பினார்கள், அதுவும் காற்றில் போனது. நெதர்லாந்திலும் வானொலியில் நிரல்கள் வந்தன. அங்கே பேசிகோட் என்று பல கணினிகளுக்கும் பொதுவான ஒரு வடிவமே வைத்திருந்தார்கள்.

காசு? கேம் விற்றுப் பணக்காரர் ஆனதாக யாரும் இல்லை. காசு கொடுத்து வாங்கும் பழக்கமே இல்லாத இடத்தில், ஆயிரங்களில் எண்ணக்கூடிய கணினிகளுக்கு யார் கடை போடுவார்கள்? அதனால்தான் பெட்டி, அட்டைப்படம், விளம்பரம் எதுவும் மிஞ்சவில்லை, பெயரும் வெளியே தெரியவில்லை. கொஞ்ச வருடத்தில் ஸ்பெக்ட்ரமும் கொமடோரும் எப்படியோ வீடுகளுக்குள் வந்துவிட்டன, கலாக்சியா ஓரம் போனது.

ஆடிப் பார்க்க ஆசை இருந்தால் மேம் எமுலேட்டரில் (பழைய கணினிகளை இன்றைய கணினியில் ஓட்டிக் காட்டும் மென்பொருள்) கலாக்சியா இருக்கிறது. கேசட் கோப்பைப் போட்டு, “ஓல்ட்” என்று தட்டி என்டர் அழுத்தி, டேப்பை ஓட விடுங்கள். ஏறி முடித்ததும் “ரெடி” வரும், “ரன்” கொடுங்கள். முதலில் லைட் சைக்கிள் ரேஸ். தனியாக ஆடாதீர்கள், பக்கத்தில் ஒரு ஆளை உட்கார வையுங்கள். பிடித்திருந்தால் டாட், அன்டாட் இரண்டை மட்டும் வைத்து நீங்களே ஒன்று எழுதிப் பாருங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.