ஐம்பது வரை சொல்கிறாள், ஆறு முறுக்கு என்று சொல்லத் தெரியவில்லை

கேள்வி: என் மகளுக்கு நாலரை வயது, எல்.கே.ஜி. படிக்கிறாள். ஒன்றிலிருந்து ஐம்பது வரை கடகடவென்று ஒப்பிக்கிறாள். ஆனால் தட்டில் ஆறு முறுக்கை எண்ணச் சொல்லி, எண்ணி முடித்ததும் “மொத்தம் எத்தனை?” என்று கேட்டால், மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறாள். அவள் மாமா ஒரு டோமினோ பெட்டி வாங்கித் தந்திருக்கிறார். கட்டைகளை வரிசையாக நிறுத்தித் தள்ளிவிட்டுத்தான் விளையாடுகிறாள். அதை வைத்து எண் சொல்லித்தர முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். முதலில், பயப்படாதீர்கள். ஐம்பது வரை சொல்வது அவளுக்கு ஒரு பாட்டு மாதிரி. எண்ணி முடித்த கடைசிச் சொல்தான் மொத்தம் என்பது வேறு ஒரு புரிதல். நாலு வயதை ஒட்டி வரும், சில பிள்ளைகளுக்குக் கொஞ்சம் பொறுத்து வரும். அந்தப் புரிதலுக்கு டோமினோ நன்றாகக் கைகொடுக்கும்.

மூன்று நான்கு பொருள் வரை நாம் எண்ணுவதே இல்லை, பார்த்ததும் தெரிந்துவிடுகிறது. அதற்கு மேல் போனால் கூட்டம் கூட்டமாகப் பிரித்துப் பார்க்கிறோம். டோமினோ கட்டையின் முகம் நடுவில் ஒரு கோட்டால் இரண்டு பக்கமாகப் பிரிந்திருக்கும், ஒவ்வொரு பக்கத்திலும் வெறுமையிலிருந்து ஆறு வரை புள்ளிகள் இருக்கும். அந்தப் புள்ளிகள் இதற்கென்றே அமைந்தவை போல இருக்கும்: ஐந்து என்றால் மூலைக்கு ஒன்றாக நான்கு, நடுவில் ஒன்று, ஆறு என்றால் மூன்றும் மூன்றும்.

பெட்டியில் 28 கட்டைகள் இருக்கும். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டாதீர்கள். இரண்டு பக்கமும் மூன்றுக்கு மிகாத கட்டைகளை மட்டும் எடுங்கள், பத்து வரும். ஒன்றைக் காட்டி, இரண்டு நொடியில் கையால் மூடிவிடுங்கள். “எத்தனை புள்ளி பார்த்தே?” என்று கேளுங்கள். எண்ண நேரம் கொடுக்கக் கூடாது என்பதுதான் இதில் முக்கியம். சரியாகச் சொன்னாலும் விடாமல் “எப்படித் தெரிஞ்சுது?” என்று கேளுங்கள். “இங்க ரெண்டு, அங்க ஒண்ணு” என்று அவள் சொல்லும் நாள் எனக்கு நூறு வரை ஒப்பிப்பதைவிடப் பெரிய நாள். தப்பாகச் சொன்னால் திருத்த வேண்டாம். கையை எடுத்துவிடுங்கள், அவளே தொட்டுப் பார்த்துக்கொள்வாள்.

இது பழகியதும் நான்கு, ஐந்து, ஆறைச் சேருங்கள். ஐந்தும் இரண்டும் உள்ள கட்டையில் ஐந்தை மூடிக்கொண்டு, “இதுக்குள்ள அஞ்சு இருக்கு, அப்புறம்?” என்று கேட்டால், “ஆறு, ஏழு” என்று தொடரப் பழகுவாள். மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறாள் என்றீர்களே, அந்தப் பழக்கம் விடுபட நான் மிகவும் நம்புவது இந்த விளையாட்டைத்தான்.

ஒரு எச்சரிக்கை. டோமினோவில் ஐந்து எப்போதும் ஒரே அமைப்பில்தான் இருக்கும். பிள்ளை அளவைப் புரிந்துகொள்ளாமல், படத்தை மட்டும் மனப்பாடம் செய்துவிடலாம். அதனால் அவ்வப்போது ஐந்து புளியங்கொட்டையைத் தரையில் சிதறவிட்டு, “இதுக்கு ஜோடிக் கட்டை எது?” என்று தேடச் சொல்லுங்கள்.

அடுத்து, மொத்தம் ஐந்து வரும் கட்டைகளைத் தேடலாம். நான்கும் ஒன்றும், மூன்றும் இரண்டும் கிடைத்துவிடும். ஒரு பக்கம் வெறுமையாக, மறுபக்கம் ஐந்து உள்ள கட்டையைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். பூஜ்யத்தை அறிமுகப்படுத்த அதைவிட நல்ல இடம் இல்லை.

நாளுக்குப் பத்து நிமிடம் போதும். நோட்டில் எழுத வைக்க வேண்டாம். அவள் கட்டைகளைத் தள்ளி விளையாடுவதையும் தடுக்காதீர்கள். வீட்டில் மூன்று வயதுக்குள் தம்பி தங்கை இருந்தால், பெட்டியை எட்டாத உயரத்தில் வையுங்கள். கட்டை ஒன்றிரண்டு தொலைந்தால் பழைய காலண்டர் அட்டையை வெட்டி ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிக்கொள்ளலாம்.

அடுத்த முறை முறுக்கு வைக்கும்போது நீளமாக அடுக்காமல், டோமினோ ஆறு போல மூன்று மூன்றாக வைத்துப் பாருங்கள்.