வாசகர் கேள்வி: ரெயிலரின் அச்சு எங்கே?

கேள்வி: மணற்காட்டு மணல்வெளியில் தங்குவதற்காக, இருவர் படுக்கத்தக்க சிறிய ரெயிலர் ஒன்றை வீட்டிலேயே செய்கிறேன். அச்சை நடுவில் பொருத்தலாமா? துருவை எப்படித் தடுப்பது?
– வாசகர், பருத்தித்துறை

பதில்: சரிநடுவில் வேண்டாம். லாண்ட்மாஸ்டர் எனும் இருசில்லு உழவு இயந்திரம் இழுக்கும் பெட்டியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது பொருத்தமாகத் தோன்றினாலும், வேகமாகச் செல்லும் வாகனத்தின் பின்னால் அப்படிப்பட்ட ரெயிலர் வாலாட்டத் தொடங்கிவிடும். தண்ணீர்க் கலன், பற்றரி, அடுப்பு யாவும் ஏற்றிய மொத்த நிறையில் 10 முதல் 15 வீதம், ரெயிலரை வாகனத்துடன் இணைக்கும் கொழுவியில் இறங்குமாறு அச்சைச் சற்றுப் பின்தள்ளுங்கள். 400 கிலோவாயின் 40 முதல் 60 கிலோ. ஆள் நிறுக்கும் தராசின் மீது கொழுவிமுனையை வைத்தே இதனை அறியலாம்.

துரு பெரும்பாலும் சட்டக் குழாய்களின் உட்புறத்தில் தேங்கும் உப்பு நீரால் வருவதால், அடியில் வடிதுளை இடுங்கள். வெல்டிங் செய்த இடங்களை உரசித் துத்தநாகப் பூச்சுப் பூசுங்கள். மணலில் ரயர்க் காற்றைக் குறைத்தால், வீதிக்கு ஏறுமுன் மீண்டும் நிரப்ப மறவாதீர்கள்.