கேள்வி – பதில்

அரசின் கையில் இருந்தவரை ஏர் இந்தியாவால் மலிவுக் கட்டண இண்டிகோவுடன் போட்டியிட முடியாமல் போனது ஏன்?
– வாசகர், திருச்சி.

கட்டணத்தில் அல்ல, செலவில் தோற்றது. 2006-இல் பறக்கத் தொடங்கிய இண்டிகோ, பல ஆண்டுகள் ஏர்பஸ் ஏ320 என்ற ஒரே வகை விமானத்தையே நம்பியிருந்ததால், எந்த விமானியையும் எந்த விமானத்திலும் அமர்த்த முடிந்தது. உதிரிபாகங்களும் ஒரே வகையாக இருந்தால் போதும். ஏர் இந்தியாவும், உள்நாட்டுத் தடங்களைக் கவனித்த மற்றொரு அரசு நிறுவனமான இந்தியன் ஏர்லைன்ஸுமோ, 111 விமானங்களுக்குக் கடனை நம்பி ஆர்டர் கொடுத்துவிட்டு, 2007-இல் ஒன்றாக இணைக்கப்பட்டு, இருவேறு சம்பள விகிதங்களையும் பதவி உயர்வுப் பூசல்களையும் ஆண்டுக்கணக்கில் சுமந்தன. வருமானம் இல்லாத தடத்தை மூடுவதற்கும் அரசியல் குறுக்கே நின்றது தனிக்கதை. 2022 ஜனவரியில் டாடா குழுமம் ஏற்றபோது பேசிய விலை 18,000 கோடி ரூபாய். அதில் 15,300 கோடி டாடா ஏற்றுக்கொண்ட ஏர் இந்தியாவின் கடன், அரசுக்குக் கிடைத்த ரொக்கம் 2,700 கோடிதான்.